இரவில் பிடித்த இரண்டு கோட்டைகள்

கோல சிலாங்கூரில் புக்கிட் மெலாவத்திக்கு ஞாயிற்றுக்கிழமை வரும் கூட்டம் பெரும்பாலும் குரங்குகளைப் பார்க்கத்தான் வருகிறது. வெள்ளிக் குரங்குகளுக்குத் தீனி கொடுத்து, பழைய பீரங்கியின் மேல் பிள்ளைகளை உட்கார வைத்துப் படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவார்கள். அந்தப் பீரங்கிகள் எந்தப் பக்கம் பார்த்து நிற்கின்றன என்று யோசிப்பவர்கள் குறைவு. அவை மலாக்கா நீரிணையைப் பார்க்கின்றன. எதிரி கடலிலிருந்து வருவான் என்பது கோட்டை கட்டியவர்களின் கணக்கு. 1785ஆம் ஆண்டு ஜூன் மாத இறுதியில் ஓர் இரவு அந்தக் கணக்கு பொய்த்தது. காட்டுப் பக்கமாக வந்த ஆட்களிடம் கோட்டையை இழந்து டச்சுக்காரர்கள் கப்பலுக்கு ஓடினார்கள்.

முப்பத்தைந்து ஆண்டு கழித்து, உலகத்தின் மறுகோடியில், தென்னமெரிக்காவின் வால்டிவியா துறைமுகத்திலும் இதேதான் நடந்தது. அங்கேயும் ஆற்று முகத்துவாரம், அங்கேயும் கடலைப் பார்த்த பீரங்கிகள். பின்பக்கமாக, இருட்டில் வந்த சிறு படை ஒன்று ஸ்பானியர்களைத் துரத்தியது. அந்தப் படையை நடத்தியவர் தாமஸ் காக்ரேன், ஸ்காட்லாந்தின் டன்டோனால்டு பிரபு குடும்பத்து மூத்த மகன். கோல சிலாங்கூரில் கோட்டையை மீட்டவர் சுல்தான் இப்ராஹிம், பூகிஸ் வம்சத்துச் சிலாங்கூர் அரச பரம்பரையின் இரண்டாவது சுல்தான்.

இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்க்க எனக்கு ஒரு காரணம் உண்டு. கோட்டையைப் பிடிப்பது ஒரு வேலை, பிடித்த மண்ணை வைத்துக்கொள்வது வேறொரு வேலை. முதல் வேலையில் காக்ரேனுக்கு இணையாக அந்தக் காலத்தில் இன்னொருவரைச் சொல்வது கடினம். இப்ராஹிம் முதல் வேலையை ஒருமுறை செய்துவிட்டு, இரண்டாவதை நாற்பது ஆண்டுகள் செய்தார். உலகம் காக்ரேனைப் பற்றி நாவல் எழுதியது. இப்ராஹிமை இந்தக் குன்றின் அரச கல்லறைக்குள் விட்டுவிட்டது. இதில் ஏதோ தராசு சரியில்லை என்பது என் எண்ணம்.

காக்ரேன் பெயர் தமிழர்களுக்கு முற்றிலும் அந்நியமானதல்ல. கோலாலம்பூரின் கொக்ரேன் சாலைக்குப் பெயர் தந்தவர் வேறொருவர், அவரை விட்டுவிடலாம். சென்னையில் கொருக்குப்பேட்டைப் பக்கம் காக்ரேன் பேசின் சாலை இருக்கிறது. பின்னாளில் பக்கிங்காம் கால்வாய் என்று பெயர் பெற்ற நீர்வழியின் மிகப் பழைய பகுதி, எண்ணூரிலிருந்து சென்னைக்கு வரும் துண்டு, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெட்டப்பட்டபோது காக்ரேன் கால்வாய் என்றே அழைக்கப்பட்டது. அந்தப் பெயருக்குரிய பேசில் காக்ரேன் நம் கப்பல்காரரின் சிற்றப்பா. கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகத்துக்குப் பதின்ம வயதில் சென்னைக்கு வந்து, கடற்படைக்கு உணவுப் பொருள் வழங்கும் குத்தகை எடுத்துப் பெரும் பணம் சேர்த்தவர். குடும்பத்தில் பணம் சேர்க்கத் தெரிந்தவர் அவர்தான்.

அண்ணன்காரர், அதாவது தாமஸின் தந்தை ஆர்ச்சிபால்டு, அதற்கு நேர்மாறு. அவர் ஒன்பதாவது பிரபு. கையில் இருந்த நிலத்தையும் பணத்தையும் கண்டுபிடிப்புகளில் கொட்டியவர். நிலக்கரியிலிருந்து தார் எடுக்கும் முறைக்கு 1781இல் காப்புரிமை வாங்கினார். மரக்கப்பலின் அடிப்பலகையைப் புழு அரிக்காமல் காக்க அந்தத் தார் உதவும் என்பது அவர் நம்பிக்கை. கடற்படை அதை வாங்கவில்லை. கப்பல் அடிக்குச் செப்புத் தகடு அடிக்கும் வழக்கம் வந்து அவருடைய தாரை ஓரங்கட்டியது. மகனுக்குக் கிடைத்தது பட்டம் வரப்போகிறது என்ற உறுதியும், காலிப் பெட்டியும், எதையாவது புதிதாகச் செய்து பார்க்கும் கிறுக்கும்தான். தோட்டத்துத் தார் ரோட்டில் நடந்து வளர்ந்த நமக்கு, அந்தத் தந்தைமேல் கொஞ்சம் அனுதாபம் வரத்தான் செய்கிறது.

இப்ராஹிமின் பிறப்பு வேறு வகை. அவருடைய முன்னோர்கள் சுலாவெசித் தீவின் பூகிஸ் மாலுமிகள். 17ஆம் நூற்றாண்டில் மக்காசார் டச்சுக்காரர் கைக்குப் போன பிறகு, கப்பலேறி ரியாவ், ஜொகூர், சிலாங்கூர் என்று பரவியவர்கள். எந்தச் சபைக்குள் நுழைந்தாலும் சில ஆண்டுகளில் அந்தச் சபையின் முதுகெலும்பாகிவிடும் சாமர்த்தியம் அவர்களுக்கு இருந்தது. டாயிங் செலாக் என்ற பூகிஸ் தலைவரின் மகன் ராஜா லூமு 1766இல் பேராக் சுல்தானின் அங்கீகாரத்தோடு சிலாங்கூரின் முதல் சுல்தானாக, சுல்தான் சலேஹுடின் என்ற பெயரில் அமர்ந்தார். அவருடைய மகன் இப்ராஹிம். காக்ரேனுக்குப் பழைய பட்டமும் புதிய வறுமையும் வாய்த்தன. இப்ராஹிமுக்கு வாய்த்த பட்டம் புதியது, அப்பா காலத்தில்தான் வந்தது. ஆனால் கையில் ஈயம் இருந்தது. ஆற்றின் மேல்பகுதியிலிருந்து இறங்கி வரும் ஈயம் முகத்துவாரத்தைத் தாண்டாமல் கடலுக்குப் போக முடியாது. முகத்துவாரத்தில் உட்கார்ந்தவன் ராஜா. மலாக்காவில் இருந்த டச்சுக் கம்பெனிக்கு அந்த ஈயம் முழுவதும், தான் சொல்லும் விலையில் வேண்டும். சண்டையின் வேர் அங்கேதான் இருக்கிறது.

பொறியை மூட்டியது ஓர் ஆங்கிலக் கப்பல். 1782இல் ரியாவ் துறைமுகத்தில் நின்ற பெட்ஸி என்ற கப்பலைப் பிரெஞ்சு வேட்டைக் கப்பல் ஒன்று பிடித்து, டச்சுக்காரர் கையில் இருந்த மலாக்காவுக்குக் கொண்டு போனது. உள்ளே அபின் பெட்டிகள். தன் துறைமுகத்துக்குள் பிடிபட்ட சரக்கில் தனக்குப் பங்கு வரவேண்டும் என்றார் ரியாவின் ராஜா ஹாஜி. அவர் டாயிங் செலாக்கின் இன்னொரு மகன், இப்ராஹிமுக்குச் சிற்றப்பா. டச்சுக்காரர்கள் பங்கு தரவில்லை. போர் மூண்டது. 1784 ஜனவரியில் ரியாவைத் தாக்க வந்த டச்சுத் தலைமைக் கப்பல் வெடித்துச் சிதறியது. ராஜா ஹாஜி அத்தோடு நிற்காமல் மலாக்காவையே முற்றுகையிட்டார். இப்ராஹிம் சிலாங்கூர்ப் படையோடு அவருடன் சேர்ந்துகொண்டார். ஐரோப்பாவிலிருந்து வான் பிராம் என்ற தளபதியின் போர்க்கப்பல்கள் வந்து சேர்ந்ததும் காற்று திரும்பியது. ஜூன் 18 அன்று தெலுக் கெத்தாப்பாங்கில் ராஜா ஹாஜி கொல்லப்பட்டார்.

ராஜா ஹாஜியையும் காக்ரேனையும் ஒப்பிட்டு எழுதலாமே என்று கேட்கலாம். எழுதலாம், பொருந்தவும் செய்யும். இருவரும் உயர்குடி, இருவரும் கப்பல்காரர்கள், பிடிபட்ட சரக்கில் பங்கு கேட்டு இருவருமே பெரிய இடத்தைப் பகைத்துக்கொண்டவர்கள். இந்தோனேசியா ராஜா ஹாஜியை 1997இல் தேசிய வீரராக அறிவித்தது. தஞ்சோங் பினாங் விமான நிலையத்துக்கு அவர் பெயர்தான். ஆனால் அவர் கதை போர்க்களத்தில் முடிந்துவிட்டது. மறுநாள் காலையில் என்ன செய்வது என்ற கேள்வி அவருக்கு வரவில்லை. அந்தக் கேள்வி வந்தது அண்ணன் மகனுக்கு.

ராஜா ஹாஜியை முடித்த டச்சுக் கப்பல்கள் அடுத்து வடக்கே திரும்பின. சுமத்ராவின் சியாக் நாட்டு ராஜா முகமது அலியும் துணைக்கு வந்தார். 1784 ஆகஸ்டில் கோல சிலாங்கூர் வீழ்ந்தது. மெலாவத்திக் குன்றின் கோட்டைக்கு அப்போதைய டச்சு கவர்னர் ஜெனரல் ஆல்டிங் பெயரை வைத்தார்கள். தஞ்சோங் கெராமாட் குன்றில் இருந்த சிறிய கோட்டைக்கு உட்ரெக்ட் என்று பெயர். ஆங்கிலேயர் காலத்தில் மெலாவத்தியில் கட்டிய கலங்கரை விளக்கம் இன்றும் ஆல்டிங் பெயரைத்தான் சுமக்கிறது. ஒரே ஆண்டுகூட முழுதாகக் கோட்டையைக் காப்பாற்ற முடியாதவர்களின் பெயர் இத்தனை காலம் நின்றுவிட்டது வேடிக்கை.

இப்ராஹிம் காட்டுக்குள் புகுந்து, மலைத்தொடரைத் தாண்டிப் பகாங்குக்குப் போனார். பகாங்கை ஆண்ட பெண்டாஹாராவிடம் உதவி கேட்டார். அடுத்த ஆண்டு ஜூனில் சுமார் 2,000 பேரோடு தரைவழியாகத் திரும்பி வந்தார். மாலுமிக் குடும்பத்தில் பிறந்தவர் கடல் பக்கமே போகாமல் வந்ததுதான் அவருடைய உத்தி. முகத்துவாரத்தின் சேறும் கண்டல் காடும் பெரிய கப்பல்களை எட்டி நிற்க வைக்கும். குன்றின் மேல் இருப்பவனுக்கு நீரிணை முழுவதும் தெரியும், தன் முதுகுக்குப் பின்னால் இருக்கும் காடு தெரியாது. இரவுத் தாக்குதலில் டச்சுக் காவல்படை நிலைகுலைந்தது. கனமான பீரங்கிகளையும் சாமான்களையும் போட்டது போட்டபடி விட்டுவிட்டுக் கப்பலேறினார்கள்.

காக்ரேனின் இரவைச் சொல்லுவதற்கு முன் அவர் வால்டிவியாவுக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தார் என்று சொல்ல வேண்டும். 1801இல் அவர் ஸ்பீடி என்ற சின்னக் கப்பலின் தலைவர். 14 பீரங்கி. அவையும் நான்கு பவுண்டு குண்டு போடுபவை. ஒரு பக்கத்துப் பீரங்கி அத்தனைக்கும் வேண்டிய குண்டுகளைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு உலாவலாம் என்று அவரே கேலி செய்தாராம். அந்த ஆண்டு மே 6ஆம் தேதி, பார்சிலோனாவுக்கு அருகில், 32 பீரங்கியும் 319 ஆட்களும் கொண்ட எல் காமோ என்ற ஸ்பானியக் கப்பலை அவர் 54 பேரோடு பிடித்தார். முதலில் அமெரிக்கக் கொடி. பக்கத்தில் போனதும் கொடி மாறியது. எதிரியின் பீரங்கிக் குண்டுகள் தலைக்கு மேல் பறந்துபோகும் அளவுக்கு விலாவோடு விலாவாக ஒட்டிக்கொண்டார். பிறகு சுக்கான் பிடிக்கக் கப்பல் வைத்தியர் கத்ரி ஒருவரை மட்டும் விட்டுவிட்டு மீதிப் பேர் அத்தனையும் எதிரிக் கப்பலில் ஏறினார்கள். (நம் தோட்டங்களை நடத்திய கத்ரி கம்பெனிக்கும் இவருக்கும் தொடர்பில்லை. 1821இல் சிங்கப்பூரில் கடை போட்ட அந்தக் கத்ரியும் ஸ்காட்லாந்துக்காரர்தான், அவ்வளவே.)

இரண்டு மாதம் கழித்து ஸ்பீடியைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். பிடித்த தளபதி லினுவா. இந்த லினுவாதான் பின்னர் இந்தியப் பெருங்கடலுக்கு வந்து, 1804 பிப்ரவரியில் ஜொகூர்க் கரைக்கு அப்பால் புலாவ் ஆவூர் அருகே, சீனாவிலிருந்து திரும்பிய ஆங்கிலக் கம்பெனியின் சரக்குக் கப்பல் கூட்டத்தைப் போர்க்கப்பல் படை என்று நம்பிப் பின்வாங்கியவர். காக்ரேனைப் பிடித்தவர், கொடியும் வண்ணமும் மாற்றிய வியாபாரக் கப்பல்களிடம் ஏமாந்தார் என்பதில் எனக்கு ஒரு சின்னச் சந்தோஷம்.

காக்ரேனுக்கு எதிரிகள் கடலில் குறைவு, கரையில் அதிகம். 1809இல் பிரெஞ்சுக் கரையின் பாஸ்க் ரோட்ஸில் தீக்கப்பல்களை அனுப்பிப் பிரெஞ்சுக் கப்பல்களைக் கரைதட்ட வைத்தார். முழுவதும் அழிக்கத் தன் தலைவர் கேம்பியர் துணை வரவில்லை என்று வெளிப்படையாகக் கடிந்துகொண்டார். விசாரணையில் கேம்பியர் குற்றமற்றவர் என்று தீர்ப்பு வந்தது. காக்ரேனின் கடற்படை வாழ்வு அங்கேயே முடங்கியது. நாடாளுமன்றத்தில் உட்கார்ந்துகொண்டு கடற்படை நிர்வாகத்தின் ஊழலை ஏசினார். 1814இல் நெப்போலியன் இறந்துவிட்டதாகப் பொய்ச் செய்தி பரப்பிப் பங்குச்சந்தையில் சிலர் காசு பார்த்தபோது, அவர் சிக்கினார். சிற்றப்பா ஒருவர் அந்த மோசடியில் உண்மையாகவே இருந்தார் என்று தெரிகிறது. தாமஸ் இருந்தாரா என்று ஆய்வாளர்கள் இன்னும் சண்டையிடுகிறார்கள். அவர் குற்றவாளி என்று தீர்ப்பாயிற்று. சிறை, அபராதம், கடற்படையிலிருந்து நீக்கம், வீரப் பட்டம் பறிப்பு எல்லாம் வரிசையாக வந்தன. வெஸ்ட்மின்ஸ்டர் தொகுதி மக்கள் அவரையே மறுபடி தேர்ந்தெடுத்தார்கள். நாட்டில் மதிப்பும் வேலையும் போன பிறகு, ஸ்பெயினிடமிருந்து விடுதலைக்குப் போராடிய சிலி கூப்பிட்டது. 1818 நவம்பரில் வால்பரைசோவில் இறங்கினார்.

இனி அந்த இரவு. வால்டிவியா முகத்துவாரத்தின் இரு கரையிலும் கோட்டைகள். உள்ளே போகும் எந்தக் கப்பலையும் பல பக்கமிருந்து சுடலாம். காவல்படை ஆயிரத்தைத் தாண்டும். காக்ரேனிடம் இருந்தவர்கள் முந்நூற்றுச் சொச்சம். வரும் வழியில் அவருடைய தலைமைக் கப்பல் ஓஹிகின்ஸ் பாறையில் மோதித் தண்ணீர் ஏறி, வெடிமருந்து நனைந்துவிட்டது. ஆட்களைச் சின்னக் கப்பல்கள் இரண்டுக்கு மாற்றினார். 1820 பிப்ரவரி 3 அன்று ஸ்பானியக் கொடியோடு கோட்டைக்கு அருகில் போனார்கள். ஸ்பெயினிலிருந்து வந்த கப்பல், புயலில் படகுகளை இழந்துவிட்டோம் என்று கதை சொன்னார்கள். கரைக்குத் தெரியாமல் மறுபுறம் மறைத்து வைத்திருந்த படகு ஒன்று நீரோட்டத்தில் மிதந்து வெளியே வந்து எல்லாவற்றையும் காட்டிக்கொடுத்தது. சுடத் தொடங்கினார்கள்.

வேறொருவராக இருந்தால் திரும்பியிருப்பார். காக்ரேன் இருட்டும் வரை காத்திருக்காமல் அலைக்குள் படகை இறக்கி ஆட்களைக் கரையேற்றினார். மேஜர் மில்லர், பிரெஞ்சுக்காரரான மேஜர் போஷெஃப் இருவரும் முன்னால். இருட்டியதும் ஒரு பகுதி ஆட்கள் முன்பக்கமாகக் கத்திக் கூச்சலிட்டு வானத்தில் சுட்டார்கள். இன்னொரு சிறு குழு ஓசையில்லாமல் பக்கவாட்டில் போய், வேலிக் கம்புகளைப் பிடுங்கிப் பள்ளத்தின் மேல் பாலம் போட்டு உள்ளே புகுந்தது. ஒரே ஒரு முறை சேர்ந்து சுட்டார்கள். பயந்த காவல்படை அடுத்த கோட்டைக்கு ஓடியது. கதவைத் திறந்தவுடன் துரத்தி வந்தவர்களும் அவர்களோடே உள்ளே நுழைந்தார்கள். இப்படியே ஒன்றன் பின் ஒன்றாக, விடிவதற்குள் தென்கரைக் கோட்டைகள் எல்லாம் கைமாறின. எதிர்க்கரை மறுநாள் பணிந்தது. காக்ரேன் தரப்பில் செத்தவர்கள் 7 பேர், காயம்பட்டவர்கள் 19 பேர்.

இரண்டு இரவுகளிலும் பீரங்கிகள் ஊமையாகிவிட்டன. கற்சுவருக்குள் இருப்பவனின் தைரியம் பீரங்கி பார்க்கும் திசையில் மட்டும்தான் இருக்கிறது. இருட்டில், முதுகுப் பக்கமாக, எத்தனை பேர் என்று தெரியாத ஆட்கள் வந்தால், எண்ணிக்கை பேச்சுக்கே வருவதில்லை. வால்டிவியாவில் வந்தவர்கள் உள்ளே இருந்தவர்களில் நான்கில் ஒரு பங்குகூட இல்லை. மெலாவத்தியில் வந்த பக்கம்தான் பெரிய படை. ஆனால் ஓடியவர்களுக்கு வித்தியாசம் ஒன்றும் தெரிந்திருக்காது. துணிச்சலை மட்டும் அளந்தால் காக்ரேன் ஒரு படி மேல் என்று ஒப்புக்கொள்கிறேன். நனைந்த மருந்தோடும் வெளிப்பட்ட பொய்யோடும் கரையேறிய மனிதர் அவர்.

விடிந்த பிறகுதான் ஒப்பீடு தலைகீழாகிறது.

வால்டிவியாவுக்குப் பிறகு காக்ரேன் பெருவின் காயாவோ துறைமுகத்தில் எஸ்மெரால்டா என்ற ஸ்பானியப் போர்க்கப்பலை இரவிலேயே கடத்தி வந்தார். அது 1820 நவம்பர் 5. பிறகு சம்பள பாக்கி விஷயத்தில் விடுதலைப் படையின் தளபதி சான் மார்ட்டினோடு மோதினார். கையில் கிடைத்த அரசுப் பணத்தை எடுத்துத் தன் மாலுமிகளுக்குப் பட்டுவாடா செய்தார். 1823இல் பிரேசில். அங்கே சாவோ லூயிஸ் துறைமுகத்தில் ஒரே கப்பலோடு போய், பின்னால் பெரிய படை வருகிறது என்று நம்ப வைத்து ஊரையே வாங்கிக்கொண்டார். பேரரசர் மரஞ்ஞாவோ மார்க்கேஸ் பட்டம் தந்தார். அங்கேயும் பங்குத் தகராறு. பணத்தோடும் கப்பலோடும் 1825இல் இங்கிலாந்துக்குத் திரும்பிவிட்டார். பிறகு கிரேக்கம். அங்கே பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. ஒவ்வொரு நாட்டிலும் கதை ஒன்றுதான்: அற்புதமான இரவு, கசப்பான கணக்குப் புத்தகம். அவர் செத்த பிறகும் வாரிசுகள் நிலுவை கேட்டு மனு எழுதிக்கொண்டிருந்தார்கள்.

அவரைப் பேராசைக்காரர் என்று சொல்லி முடித்துவிடுவது எளிது. நான் அப்படிச் சொல்லமாட்டேன். அந்தக் காலக் கடற்படையில் பிடித்த கப்பலின் பங்குதான் மாலுமியின் உண்மையான வருமானம். பட்டம் மட்டும் இருந்த பிரபு மகனுக்கு அது மேலும் தேவை. தன் ஆட்களுக்குச் சம்பளம் கொடுத்துவிட வேண்டும் என்ற பிடிவாதமும் அதில் கலந்திருந்தது. அவருடைய குறை வேறு. எந்த இடத்திலும் அவர் நாளைக்கும் இருக்கப் போகிறவராக நடந்துகொள்ளவில்லை. சண்டையிட்ட தளபதியையோ அமைச்சரையோ அடுத்த மாதமும் முகத்துக்கு முகம் பார்க்க வேண்டும் என்ற கட்டாயம் அவருக்கு இல்லை. கப்பல் இருந்தது, ஏறிப் போய்விடலாம்.

இப்ராஹிமுக்கு ஏறிப் போக இடமில்லை. கோட்டையை மீட்டதும் டச்சுக் கப்பல்கள் முகத்துவாரத்தை மறித்து நின்றன. சுமார் ஓராண்டு முற்றுகை. ஈயம் வெளியே போகாது, அரிசி உள்ளே வராது. பினாங்கில் புதிதாக வந்து இறங்கிய பிரான்சிஸ் லைட்டிடம் உதவி கேட்டு எழுதினார். கிடைக்கவில்லை. 1786இல் டச்சுக்காரர்களோடு உடன்படிக்கை செய்துகொண்டார். எந்தக் கோட்டைக்காகச் சண்டை போட்டாரோ அந்தக் கோட்டையைக் கையில் வைத்துக்கொண்டே தலையைக் குனிந்தார். ஈயம் மறுபடி கம்பெனிக்கு. வீரக் கதை எழுதுபவர்கள் இந்த இடத்தைத் தாண்டிக் குதித்துவிடுவார்கள். என் பார்வையில் இப்ராஹிமின் சாமர்த்தியம் இங்கேதான் தொடங்குகிறது. அவர் உட்கார்ந்து காத்திருந்தார். ஒன்பது ஆண்டு கழித்து, 1795இல், ஐரோப்பியச் சண்டையின் எதிரொலியாக மலாக்காவை ஆங்கிலேயர் எடுத்துக்கொண்டார்கள். டச்சுப் பிடி தானாக விட்டது.

அவரைச் சாதுவாகக் காட்டவும் நான் வரவில்லை. பலம் வந்ததும் 1804இல் பேராக்கின் மேல் படையெடுத்தார். அப்பாவுக்குச் சுல்தான் பட்டத்தை அங்கீகரித்த அதே பேராக். சில ஆண்டுகளில் பின்வாங்கினாலும் பேராக் ஆற்றுப் பக்கம் அவருடைய கண் ஓயவில்லை. 1818இல் ஆங்கிலேயரோடு வணிக உடன்படிக்கை. நீரிணையில் யார் பெரியவர் என்று மாறும் போதெல்லாம் அவர் கடிதத்தின் முகவரியும் மாறியது. சந்தர்ப்பவாதம் என்று சொல்லலாம்தான். ஆனால் இரண்டு ஐரோப்பியக் கம்பெனிகளுக்கு நடுவே, சியாக்கும் பேராக்கும் இரு பக்கமும் இருக்க, முகத்துவார ஈயத்தை நம்பி ஒரு புதிய அரசை நாற்பது ஆண்டு நடத்துவதற்கு வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

காக்ரேனுக்கும் கடைசியில் கௌரவம் திரும்பியது. 1831இல் பத்தாவது பிரபு ஆனார், 1832இல் மன்னிப்புக் கிடைத்தது, கடற்படையில் பதவி மீண்டது. கந்தகப் புகையால் கோட்டைகளை மூச்சுத் திணற வைக்கும் இரகசியத் திட்டம் ஒன்றை 1812 முதல் அரசிடம் திரும்பத் திரும்பக் கொடுத்தார். அதிகாரிகள் பார்த்துப் பயந்து பூட்டி வைத்தார்கள். நீராவிக் கப்பலைப் போருக்குக் கொண்டுவர முயன்ற முதல் ஆட்களில் அவர் ஒருவர். தார் பைத்தியம் பிடித்த தந்தைக்கு ஏற்ற பிள்ளை. 1860 அக்டோபர் 31 அன்று இறந்து, வெஸ்ட்மின்ஸ்டர் மடத்தில் புதைக்கப்பட்டார். சிலிக் கடற்படை இன்றும் ஆண்டுதோறும் அங்கே மலர்வளையம் வைக்கிறது.

அவருடைய புகழ் நிலைத்ததற்கு இன்னொரு காரணம், அவர் தானே தன் கதையை எழுதிக்கொண்டார். உதவிக்கு ஆள் வைத்து எழுதிய தன்வரலாறு அவர் இறந்த ஆண்டில் வந்தது. அதில் பாதி கடற்போர், பாதி வழக்கு. அவர்கீழ் இளம் மாலுமியாக இருந்த மேரியட் கடல் நாவல்கள் எழுதினார். ஃபாரெஸ்டரின் ஹார்ன்ப்ளோவர், ஓப்ரையனின் ஜாக் ஆப்ரி ஆகிய கற்பனைத் தலைவர்களில் அவர் சாயல் இருக்கிறது. ஸ்பீடி, எல் காமோ சண்டை கிட்டத்தட்ட அப்படியே ஓப்ரையனின் முதல் நாவலுக்குள் போயிருக்கிறது. இந்தப் பக்கம், அதே 1860களில் ராஜா ஹாஜியின் பேரன் ராஜா அலி ஹாஜி பூகிஸ்காரர்களின் வரலாற்றை 'துஹ்ஃபத் அல்-நஃபீஸ்' என்ற நூலாக எழுதினார். இயல்பாகவே அதில் தாத்தா நாயகன். சிலாங்கூர் உறவினர்கள் துணைப் பாத்திரங்கள். இப்ராஹிமுக்குத் தன்வரலாறும் இல்லை, பேரன் எழுதிய வரலாறும் இல்லை.

பேரன் ஒருவர் இருந்தார். அவர் சுல்தான் அப்துல் சமத். அவர் காலத்தில், சிலாங்கூர் உள்நாட்டுப் போரின் நடுவில், 1871 ஜூலையில் ரினால்டோ என்ற ஆங்கிலப் போர்க்கப்பல் இதே முகத்துவாரத்துக்கு வந்தது. பினாங்கிலிருந்து போன ஒரு சீனப் பாய்மரக் கப்பலைக் கொள்ளையடித்தவர்களைத் தேடி என்பது சொன்ன காரணம். அதன் தலைவர் ராபின்சன் பிரபுவும் அல்ல, இரவுக்குக் காத்திருக்கவும் இல்லை. கடலில் இருந்தபடியே குண்டு போட்டுக் கோட்டைகளை அழித்தார். கடலைப் பார்த்து நின்ற பீரங்கிகளுக்கு ஒருவழியாகக் கடலிலிருந்தே எதிரி வந்தான். ஆனால் அதற்குள் கப்பல் பீரங்கிகள் வெகுதூரம் முன்னேறிவிட்டன.

வடசிலாங்கூரில் நம்மவர்கள் வந்தது இதற்கெல்லாம் பிறகு. புக்கிட் ரோத்தான், பத்தாங் பெர்ஜுந்தை, தென்னமரம் தோட்டங்களில் பால் வெட்டியவர்களுக்கு ஸ்காட்லாந்துக்காரன் என்றால் பங்களாவில் இருக்கும் பெரிய துரை. டச்சுக்காரரை விரட்டிய சுல்தானைப் பற்றி அவர்களுக்குச் சொன்னவர் யாரும் இல்லை. தமிழ்ப் பள்ளியில் படித்த எங்கள் தலைமுறைக்குக் கோல சிலாங்கூர்க் கோட்டை பாடப் புத்தகத்தில் ஒரு பத்தி, பள்ளிச் சுற்றுலாவில் ஒரு மத்தியானம். மெலாவத்தியின் அரச கல்லறையில் முதல் மூன்று சுல்தான்களும் இருக்கிறார்கள். அருகில் மஞ்சள் துணி போர்த்திய பழைய பீரங்கி ஒன்று, அதற்குப் பெங்காவா என்று பெயர்.

இப்ராஹிம் 1826இல் இறந்தார். அதற்கு முந்தைய ஆண்டு, 1825 ஆகஸ்டில், பினாங்கு கவர்னர் ஃபுல்லர்டன் அனுப்பிய ஜான் ஆண்டர்சனோடு அவர் கடைசி உடன்படிக்கையைச் செய்தார். பேராக் விவகாரத்தில் இனித் தலையிடுவதில்லை, இரண்டு நாட்டுக்கும் பெர்ணம் ஆறு எல்லை என்பது அதன் சாரம். வெற்றி என்று யாரும் அதைக் கொண்டாடியதில்லை. அவர் கேட்டதைவிட அவர் விட்டுக்கொடுத்தது அதிகம். ஆனால் காக்ரேன் பிடித்த எந்தக் கோட்டையிலும் அவர் கையெழுத்து இன்று எதையும் தீர்மானிப்பதில்லை. பெர்ணம் இன்றும் எல்லை. சபாக் பெர்ணத்தைத் தாண்டிப் பாலத்தைக் கடந்தால் பேராக் வந்துவிடும். 1930களில் தஞ்சோங் காராங் நெல் திட்டம் போட்டபோது தண்ணீருக்கு இதே ஆற்றை மறித்துத்தான் வாய்க்கால் வெட்டினார்கள். சாவா செம்படான் வயல்களில் பாயும் தண்ணீரின் பெரும்பகுதி இப்போதும் அங்கிருந்துதான் வருகிறது.